ஊர் கூடித் தேர் இழுக்கலாம். கணக்கை யார் காட்டுவது?

குடாநாட்டில் இன்று ஒரு நூல் அச்சேற வேண்டுமாயினும், ஒரு குறுந்திரைப்படம் எடுக்கப்பட வேண்டுமாயினும், கணினி கற்ற இளைஞர் சிலர் கூடிப் புதியதொரு செயலியை உருவாக்க வேண்டுமாயினும் முதலில் எழுகின்ற கேள்வி ஒன்றே. பணத்திற்கு எங்கே போவது என்பதே அக்கேள்வி. வங்கிகள் கடன் வழங்குவதற்குக் காணி உறுதியையும் பிணையாளிகளையும் கேட்கின்றன. ஒரு கவிதைத் தொகுதியை நம்பியோ, இன்னமும் எழுதி முடிக்கப்படாத கணினி நிரலொன்றை நம்பியோ கடன் கொடுக்கும் வங்கி எதனையும் நாம் அறியோம். எனவே வேண்டுகோள்கள் கடல் கடந்து செல்கின்றன. ரொறன்ரோவிலும் லண்டனிலும் சூரிச்சிலும் வாழும் உறவினர்களின் கைத்தொலைபேசிகளுக்கு நாள்தோறும் இத்தகைய வேண்டுகோள்கள் வந்து சேர்கின்றன.

இவ்வாறு பலரிடமிருந்து சிறுசிறு தொகைகளைப் பெற்று ஒரு படைப்பையோ தொழில்நுட்ப முயற்சியையோ நிறைவேற்றும் முறையை ஆங்கிலத்தில் கிரவுட்ஃபண்டிங் என்கின்றனர். தமிழில் திரள்நிதி என்றும் கூட்டுநிதி என்றும் வழங்கும் இம்முறை பற்றி எம்மிடையே இருவகைத் தவறான எண்ணங்கள் நிலவுகின்றன. இது மேலைநாட்டார் கண்டுபிடித்த புதுமை என்பது ஒன்று. இது நன்கொடை கேட்பதற்கான நாகரிகமான பெயர் என்பது மற்றையது. இரண்டுமே முழுமையான உண்மையல்ல.

முதலில் இம்முறை இயங்கும் விதத்தைப் பார்ப்போம். 2009 ஏப்ரலில் நியூயோர்க்கில் ஆரம்பிக்கப்பட்ட கிக்ஸ்டார்ட்டர் என்ற நிறுவனமே இதனை உலகறியச் செய்தது. அதற்கு முந்திய ஆண்டிலேயே இண்டிகோகோ தோன்றிவிட்டது. ஒரு படைப்பாளி தான் செய்யவிருப்பது என்ன, அதற்குத் தேவையான தொகை எவ்வளவு, அத்தொகையைத் திரட்டுவதற்கான கடைசி நாள் எது என்பவற்றை அறிவிக்கின்றார். அதிகபட்சத் தவணை 60 நாட்கள். ஆதரவளிக்க விரும்புவோர் தத்தம் தொகையை வாக்களிக்கின்றனர். குறித்த நாளுக்குள் இலக்குத் தொகை முழுவதும் சேர்ந்தால் மாத்திரமே வாக்களித்தவர்களின் அட்டைகளிலிருந்து பணம் எடுக்கப்படும். ஒரு டொலர் குறைந்தாலும் எவரிடமிருந்தும் எதுவும் எடுக்கப்படமாட்டாது. இலக்கு எட்டினால் நிறுவனம் 5 சதவீதத்தைத் தனது கட்டணமாகக் கழித்துக்கொள்ளும். பணக் கொடுப்பனவுச் செலவுகள் அதற்குப் புறம்பானவை.

'முழுவதும் அல்லது ஒன்றுமில்லை' என்ற இந்த விதி சற்றுக் கடுமையானதாகத் தோன்றலாம். ஆனால் இம்முறையின் உயிர்நாடியே இதுதான் என்பது எமது கருத்து. ஒரு நூலை அச்சிடுவதற்கு 6 இலட்சம் ரூபா தேவை என வைத்துக்கொள்வோம். சேர்ந்ததோ 2 இலட்சம் ரூபா. அத்தொகையைக் கொண்டு மூன்றிலொரு பங்கு நூலை அச்சிட முடியாது. எமது வழக்கமான நிதி சேகரிப்புக்களில் இவ்வாறு தேங்கிப்போகும் இரண்டு இலட்சம் என்னவாகின்றது? கொடுத்தவர் திருப்பிக் கேட்பதற்குக் கூச்சப்படுகின்றார். பெற்றவர் இன்னும் கொஞ்சம் சேரட்டும் எனக் காத்திருக்கின்றார். ஓரிரு வருடங்களில் அது வேறொரு செலவில் கரைந்துவிடுகின்றது. இதில் மோசடி எதுவும் இருக்கவேண்டியதில்லை. விதி ஒன்று இல்லாமையே போதுமானது.

நன்கொடைக்கும் இதற்கும் உள்ள வேறுபாடும் கவனிக்கத்தக்கது. நன்கொடையாளர் பதிலுக்கு எதனையும் எதிர்பார்ப்பதில்லை. திரள்நிதியில் ஆதரவளிப்பவருக்கு நூலின் ஒரு பிரதியோ, திரைப்படத்தின் இறுதியில் பெயரோ, கருவி தயாரானதும் அக்கருவியோ வாக்குறுதியாக அளிக்கப்படுகின்றது. அதேவேளை அவர் பங்காளரும் அல்லர். 2012 இல் ஒக்குலஸ் என்ற அமெரிக்க நிறுவனம் மெய்நிகர் காட்சிக் கருவியொன்றை உருவாக்குவதற்காகக் கிக்ஸ்டார்ட்டர் மூலம் சுமார் 24 இலட்சம் டொலர் திரட்டியது. இரண்டு ஆண்டுகளில் பேஸ்புக் நிறுவனம் ஏறத்தாழ 200 கோடி டொலருக்கு அதனை வாங்கிக்கொண்டது. தொடக்கத்தில் பணம் கொடுத்தவர்களுக்கு அந்த 200 கோடியில் ஒரு சதமும் சேரவில்லை. அவர்களுட் பலர் சினமுற்றதில் வியப்பில்லை. ஆயினும் சட்டப்படி அவர்கள் வாங்கியது வாக்குறுதியையே அன்றிப் பங்கினை அன்று.

இனி, இது புதுமையா என்ற கேள்விக்கு வருவோம். 1885 இல் நியூயோர்க்கில் சுதந்திரதேவி சிலைக்குப் பீடம் அமைக்கப் பணம் போதாதபோது, ஜோசப் புலிட்சர் தமது 'வேர்ல்ட்' பத்திரிகை வாயிலாகப் பொதுமக்களிடம் பணம் கேட்டார். சுமார் ஐந்து மாதங்களில் ஓர் இலட்சம் டொலருக்கு மேல் சேர்ந்தது. கொடுத்தவர்களிற் பெரும்பாலானோர் ஒரு டொலருக்கும் குறைவாகவே கொடுத்தனர். எவ்வளவு சிறிய தொகையானாலும் கொடுத்தவரின் பெயர் பத்திரிகையில் வெளியாயிற்று. இந்தியாவில் 1976 இல் ஷியாம் பெனகல் இயக்கிய 'மந்தன்' திரைப்படத்திற்குக் குஜராத்தின் பால் உற்பத்தியாளர்கள் 5 இலட்சம் பேர் தலைக்கு 2 ரூபா வீதம் கொடுத்தனர்.

எம்மவருக்கும் இது பழகிய வழிதான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பழந்தமிழ் நூல்கள் ஏட்டுச்சுவடிகளிலிருந்து அச்சுக்கு வந்த காலத்தில், 'கையொப்பம்' என்றொரு முறை வழக்கில் இருந்தது. நூல் அச்சாகுமுன்னரே அதனை வாங்க உடன்படுவோர் கையொப்பமிடுவர். அந்த உறுதியை நம்பியே பதிப்பாசிரியர் அச்சுவேலையைத் தொடங்குவார். 1887 இல் சீவகசிந்தாமணியைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர் இம்முறையைக் கையாண்டவர். அதே 1887 இல் கலித்தொகையை அச்சேற்றியவர் யாழ்ப்பாணம் சிறுப்பிட்டியில் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை. உத்தியோகத்தில் உழைத்த பணத்தையும் தமது ஓய்வுக்காலத்தையும் பதிப்பு வேலைகளுக்கே ஈந்தவர் அவர். ஒருவர் தனித்துச் சுமப்பதற்கும் பலர் சேர்ந்து சுமப்பதற்கும் உள்ள வேறுபாட்டை அக்காலப் பதிப்பு வரலாறே எமக்குக் காட்டுகின்றது. நாளொன்றுக்கு ஒரு பிடி அரிசியை ஒதுக்கிவைத்த எமது தாய்மாரின் பிடியரிசியும் இவ்வகையைச் சேர்ந்ததே.

குடாநாட்டைப் பொறுத்தவரை இதற்கு மிகப்பெரிய சான்று யாழ்ப்பாணம் பொதுநூலகமே. தென்னாசியாவின் பெரிய நூலகங்களுள் ஒன்று என்று பெருமையுடன் பேசும் எம்மிற் பலர், அது அரசாங்கத்தின் திட்டமாகத் தொடங்கவில்லை என்பதை மறந்துவிடுகின்றோம். 1933 இல் கே. எம். செல்லப்பா என்ற நீதிமன்ற உத்தியோகத்தர் தமது வீட்டிலிருந்தே நூல்களை இரவல் கொடுக்கத் தொடங்கினார். பின்னர் ஊர்ப் பெரியோரும் பொதுமக்களும் சேர்ந்தனர். 1934 ஓகஸ்ட் 1 ஆம் திகதி ஆஸ்பத்திரி வீதியில் வாடகைக்கு எடுக்கப்பட்ட சிறிய அறையொன்றில் 844 நூல்களுடனும் சுமார் 30 பத்திரிகை, சஞ்சிகைகளுடனும் நூலகம் திறக்கப்பட்டது. ஒரு தனிமனிதர் கேட்டார், ஊர் கொடுத்தது, கொடுத்ததை ஊர் தன் கண்ணாலேயே கண்டது. எமது நோக்கில் இந்த மூன்றாவதே முக்கியமானது. நூலொன்றைக் கொடுத்தவர் மறுவாரம் அதே அறைக்குச் சென்று அதே நூல் தட்டில் இருப்பதைப் பார்க்கலாம். கணக்கறிக்கை என்று தனியாக ஒன்று தேவைப்படவில்லை. இன்று அழகிய வெண்ணிறக் கட்டடமாக நாம் அறிந்த நூலகம் 1959 இல் திறந்துவைக்கப்பட்டது.

1981 மே 31 நள்ளிரவை அடுத்து நிகழ்ந்ததை இங்கு விரித்துரைக்கத் தேவையில்லை. ஏறத்தாழ 97,000 நூல்களும் ஓலைச்சுவடிகளும் எரிந்தன. நாம் இங்கு குறிப்பிட விரும்புவது அதற்கு அடுத்த ஆண்டைப் பற்றியே. 1982 இல் குடாநாட்டு மக்கள் 'யாழ்ப்பாணம் பொதுநூலக வாரம்' நடத்தி ஆயிரக்கணக்கான நூல்களைச் சேர்த்தனர். 1984 அளவில் கட்டடம் திருத்தப்பட்டது. 1985 இல் அதுவும் மீண்டும் சிதைக்கப்பட்டது. கொடுத்த கைகள் இருமுறை இழந்தன.

பின்னர் 1990களின் பிற்பகுதியில், சந்திரிகா பண்டாரநாயக்க குமாரதுங்கவின் ஆட்சியில், வெண்தாமரை இயக்கத்தின் பெயரால் வேறொரு சேகரிப்பு நடைபெற்றது. நாட்டு மக்கள் ஒவ்வொருவரும் நூலகத்திற்கு ஒரு நூலும் ஒரு செங்கல்லும் வழங்கவேண்டும் என்பது அதன் வேண்டுகோள். தெற்கிலிருந்தும் மக்கள் கொடுத்தனர். வெளிநாட்டு அரசாங்கங்களும் உதவின. 25,000க்கு மேற்பட்ட நூல்கள் சேர்ந்தன. 2001 இல் கட்டடம் நிறைவுற்றது. தொகையையும் எண்ணிக்கையையும் மட்டும் பார்த்தால் இது வெற்றிகரமான திரள்நிதி என்றே கூறவேண்டும்.

ஆனால் யாழ்ப்பாணத்தில் அதனை எல்லோரும் அவ்வாறு பார்க்கவில்லை. எரிந்த கட்டடத்தை எரிந்தபடியே நினைவுச்சின்னமாக விட்டுவிட வேண்டும் என்றோர் இருந்தனர். போர் நடந்துகொண்டிருக்கையில், எரித்த தரப்பே வெள்ளையடித்துக் கறையை மறைக்கின்றது என்றோரும் இருந்தனர். 2003 பெப்ரவரியில் ஏற்பாடாகியிருந்த திறப்புவிழா விடுதலைப் புலிகளின் எதிர்ப்பினால் நின்றுபோயிற்று. அதனைக் கண்டித்து மாநகர முதல்வர் செல்லன் கந்தையன் தலைமையில் சபையின் 23 உறுப்பினர்களும் பதவி விலகினர். செங்கல் கொடுத்த காலியின் பாடசாலை மாணவனுக்கும், எரிந்த சுவரைப் பார்த்து வளர்ந்த யாழ்ப்பாண மாணவனுக்கும் அக்கட்டடம் ஒரே பொருளைத் தரவில்லை. எவ்வளவு பணம் சேர்ந்தது என்பதைப் போலவே, கேட்பவர் யார், எதன் பெயரால் கேட்கின்றார் என்பதும் நிதி திரட்டலில் முடிவான இடத்தைப் பெறுகின்றது. 1934 இல் இக்கேள்வி எழவேயில்லை. கேட்டவர் அயலவராகவே இருந்தார்.

இன்றைய நிலையில் கேட்பவரும் கொடுப்பவரும் அயலவர் அல்லர் என்பதே எமது சிக்கலாகும். ஒருவர் கொக்குவிலில் இருக்கின்றார், மற்றவர் ஒஸ்லோவில் இருக்கின்றார். இவ்விடைவெளியில் என்ன நேரலாம் என்பதற்கு மேலைநாட்டு உதாரணங்களே போதும். 2014 இல் 'கூலஸ்ட் கூலர்' என்ற குளிர்பெட்டிக்காக 50,000 டொலர் கேட்டவர்களுக்கு 130 இலட்சம் டொலருக்கு மேல் குவிந்தது. பணம் அதிகமாக வந்ததே வினையாயிற்று. ஒரு பெட்டிக்குக் கணக்கிட்ட செலவு போதவில்லை. 2019 இறுதியில் நிறுவனம் மூடப்பட்டபோது ஆயிரக்கணக்கானோருக்குப் பெட்டி கிடைக்கவேயில்லை. பிரித்தானியாவின் வேல்ஸ் பகுதியில் 'சானோ' என்ற சிறு பறக்கும் கமராவுக்காக 12,000க்கு மேற்பட்டோர் 23 இலட்சம் பவுண் கொடுத்தனர். 2015 நவம்பரில் அந்நிறுவனம் முறிந்தது. கிக்ஸ்டார்ட்டர் திட்டங்களை ஆராய்ந்த பென்சில்வேனியாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஈதன் மொலிக், நிதி கிடைத்த திட்டங்களில் சுமார் 9 சதவீதமானவை வாக்களித்ததை வழங்கத் தவறின என 2015 இல் கண்டறிந்தார். பதினொன்றில் ஒன்று என்பது அஞ்சி ஓடவேண்டிய அளவன்று. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு கொடுக்கக்கூடிய அளவுமன்று.

எமது இளைஞர்களுக்கோ இந்தத் தளங்களின் வாயிலே தடை உண்டு. கிக்ஸ்டார்ட்டரில் திட்டம் தொடங்க அனுமதிக்கப்பட்ட நாடுகளின் பட்டியலில் இலங்கை இல்லை. ஆசியாவில் ஜப்பான், சிங்கப்பூர், ஹொங்கொங் போன்ற சிலவே உள்ளன. இந்தியாவும் இல்லை. இணையவழிப் பணப் பரிமாற்றச் சேவையான பேபாலும் இலங்கையிலிருந்து பணம் செலுத்த இடமளித்தபோதிலும், இங்கு பணம் பெறுவதற்கு நீண்டகாலமாக இடமளிக்கவில்லை. யாழ் ஐரி ஹப் போன்ற அமைப்புக்கள் ஒரு தசாப்தத்திற்கு மேலாகப் போட்டிகளையும் பயிற்சிகளையும் நடத்தி வளர்த்துவிட்ட இளைஞர்களின் திறமைக்கு இதில் குறைவில்லை. அவர்களது முகவரியே குறை.

ஆகவே கனடாவிலோ பிரித்தானியாவிலோ உள்ள மாமாவோ சித்தப்பாவோ தமது பெயரில் கணக்குத் திறந்து பணத்தைப் பெற்று இங்கு அனுப்புவது வழக்கமாகிவிட்டது. நல்லெண்ணத்தோடு செய்யப்படும் காரியமே எனினும், அப்பணம் அந்நாட்டு வருமான வரிச் சட்டத்தின்கீழ் அவரது வருமானமாகக் கருதப்படலாம். வாக்குறுதி நிறைவேறாவிட்டால் பதில்சொல்ல வேண்டியவரும் அவரே. கொடுத்தவருக்கோ, பணம் உறவினரின் கணக்கில் நிற்கின்றதா யாழ்ப்பாணம் வந்து சேர்ந்ததா என அறியும் வழியில்லை.

இத்துடன் வேறொன்றையும் மறைக்காமற் சொல்லவேண்டும். போர்க்காலத்தில் புலம்பெயர் நாடுகளில் பெருந்தொகை நிதி திரட்டப்பட்டது. விரும்பிக் கொடுத்தோர் உளர், விரும்பாமற் கொடுத்தோரும் உளர். 2009 மே மாதத்தின் பின்னர் அவற்றிற்கு என்ன நடந்தது என்பதற்குப் பல இடங்களில் விடை கிடைக்கவில்லை. இன்று நூலுக்கோ படத்துக்கோ பணம் கேட்டுச் செல்லும் 22 வயது இளைஞன் அக்காலத்தில் பாலகன். ஆயினும் அந்தச் சந்தேகத்தின் சுமை அவன் தலையிலேயே ஏற்றப்படுகின்றது. இது நீதியன்று எனினும் நடைமுறை இதுவே.

ரூபாவின் ஏற்றத்தாழ்வு மற்றொரு தொல்லை. 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலரின் பெறுமதி மே மாதத்தில் 360 ரூபாவைத் தொட்டது. 10 இலட்சம் ரூபாவுக்கான திட்டத்திற்கு முன்னர் 5,000 டொலர் தேவைப்பட்டிருக்கும். இரண்டு மாதத்தின் பின் 2,800 டொலர் போதும் என்று தோன்றும். ஆனால் அதே காலத்தில் கடதாசி இல்லாமையால் மேல்மாகாணத்தில் பாடசாலைப் பரீட்சைகளே ஒத்திவைக்கப்பட்டன. பத்திரிகைத் துறையில் உள்ள நாம் அந்நாட்களை எளிதில் மறக்கமாட்டோம். அச்சுச் செலவை ரூபாவில் கணக்கிட்டு டொலரில் கேட்ட எவருடைய மதிப்பீடும் அன்று நிலைத்திருக்க முடியாது.

இத்தனை தடைகளின் நடுவிலும் நிலைத்து நிற்கும் முயற்சி ஒன்று எம்மிடம் உண்டு. 2005 ஜனவரியில் தன்னார்வ இளைஞர்களால் தொடங்கப்பட்ட 'நூலகம்' என்னும் எண்ணிம நூலகமே அது. ஈழத்துத் தமிழ் நூல்களையும் சஞ்சிகைகளையும் பத்திரிகைகளையும் பக்கம் பக்கமாக மின்வருடி எவரும் இலவசமாகப் படிக்கக்கூடியவாறு இணையத்தில் வைப்பது அதன் பணி. 1981 இல் ஒரே கூரையின்கீழ் இருந்தமையாலேயே எரிந்துபோன செல்வத்திற்கு இது காலம் தாழ்த்திய மறுமொழி எனலாம். அங்கு சேர்ந்துள்ள ஆவணங்கள் ஓர் இலட்சத்தைக் கடந்துவிட்டன. உள்ளூரிலும் வெளிநாடுகளிலும் உள்ளோரின் பங்களிப்புகள் அதனைத் தாங்கி வந்துள்ளன. அதன் ஆண்டறிக்கைகளும் நிதி அறிக்கைகளும் எவரும் பார்க்கக்கூடியவாறு வெளியிடப்படுகின்றன. கொடுத்தவரும், தாம் கொடுத்த பணத்தின் பயனாக எந்த நூல் ஏறியிருக்கின்றது என்பதைத் தமது வீட்டிலிருந்தே திறந்து பார்க்கலாம். ஆஸ்பத்திரி வீதி அறையில் நூலைத் தட்டில் கண்டவருக்கு இருந்த அதே வசதி இது.

எனினும் நூலகம் போன்ற பணிகளுக்குத் திரள்நிதி முழுமையான தீர்வாகாது. தொடக்கத்திற்குப் பணம் கொடுக்க மக்கள் முந்துவர். ஐந்தாம் ஆண்டில் மின்கட்டணத்திற்கும் ஊழியர் சம்பளத்திற்கும் கேட்டால் அந்த உற்சாகம் இராது. இதற்குப் பிறிதொரு வழியை ஹாவார்ட், ரொறன்ரோ தமிழ் இருக்கைகள் காட்டின. ஹாவார்டுக்கு 60 இலட்சம் டொலர் தேவைப்பட்டது. மருத்துவர்கள் ஜானகிராமனும் திருஞானசம்பந்தமும் தலைக்கு 5 இலட்சம் டொலர் கொடுத்துத் தொடக்கிவைக்க, தமிழ்நாடு அரசு 10 கோடி இந்திய ரூபா வழங்க, உலகெங்கும் உள்ள தமிழர்கள் சிறுதொகைகளைச் சேர்க்க, 2018 இல் இலக்கு எட்டப்பட்டது. ரொறன்ரோவின் 30 இலட்சம் டொலர் 2021 இல் நிறைவுற்றது. இவ்விரு நிதிகளும் முதலாகவே வைக்கப்பட்டு, அவற்றின் வருமானமே ஆண்டுதோறும் செலவிடப்படும். மிகப்பெரிய செல்வமுடைய பல்கலைக்கழகமொன்றிற்கு எம்மவர் இவ்வளவு கொடுக்க வேண்டுமா என்று அன்று கேட்டவர்கள் உண்டு. அக்கேள்வியில் நியாயம் இருப்பினும், முதலைத் தொடாத ஏற்பாடு என்ற ஒன்றை அவர்களிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ளலாம்.

ஒரு நூலுக்கோ ஒரு குறும்படத்துக்கோ இத்தனை பெரிய ஏற்பாடு வேண்டியதில்லை. ஊரிலுள்ள சனசமூக நிலையமோ பழைய மாணவர் சங்கமோ பொறுப்பேற்று, மூவர் கையொப்பமிட்டாலன்றிப் பணம் எடுக்கமுடியாத கூட்டு வங்கிக் கணக்கொன்றில் நிதியைச் சேர்க்கலாம். இலக்குத் தொகையையும் கடைசி நாளையும், அந்நாளில் இலக்கு எட்டாவிடின் யாருக்கு எவ்வாறு பணம் திரும்பும் என்பதையும் வேண்டுகோளிலேயே எழுதலாம். வெளிநாட்டு வாசகருக்குப் பிரதி அனுப்புவதாக வாக்களிப்போர் தபாற்கட்டணத்தை முதலிற் கேட்டறிவது நன்று. கனமான நூலொன்றைக் கனடாவுக்கு அனுப்பும் செலவு பலவேளைகளில் அந்நூலின் விலையையே விஞ்சிவிடுகின்றது. வேலை முடிந்ததும் வரவையும் செலவையும் ஒரு பக்கத்தில் எழுதி நூலின் கடைசித் தாளிலேயே அச்சிட்டுவிடலாம். கோயில் திருவிழாக் கணக்கை மதிற்சுவரில் ஒட்டிப் பழகிய எமக்கு இது புதிய வேலையன்று. கூட்டுக் கணக்குத் திறப்பதற்கும் கணக்கை அச்சிடுவதற்கும் புதிய சட்டமோ, வெளிநாட்டுத் தளத்தின் அனுமதியோ தேவையில்லை.